பூங்காவில் எதை விற்கிறார்கள்?

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்குவதற்காக ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்.

"கவலப்படாதீங்கக்கா. எங்க சித்தப்பாவுக்கும் குடல்லதான். இப்போ மோட்டார் சைக்கிள் ஓட்டுறாரு, பாசார் போயி சாமான் வாங்குறாரு" என்றார்.

என் கண் கலங்கியது. அது காய்வதற்குள் அவருடைய கைப்பையிலிருந்து பச்சைத் தூள் அடைத்த பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. உறுப்பினராகச் சேர்ந்தால் விலை குறையும். என் பெருங்குடலில் இருப்பது புற்றுதான் என்று மருத்துவர் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

நம் ஊரில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் முதலில் பழம் வரும். பின்னாலேயே பொட்டலம் வரும்.

நான் தமிழ் நாளேடு ஒன்றில் நெடுங்காலம் துணையாசிரியராக இருந்தவள். ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள் தென் ஜொகூர்ச் செய்திகளைப் பார்த்துக்கொண்டேன். முதலீட்டு மோசடி, வேலை மோசடி, அற்புத மருந்து மோசடி என்று எழுதி எழுதி, அன்பாகப் பேசுகிறவரைக் கண்டால் அவர் பையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இதை வாசிப்பவர்களில் பலர் சிகிச்சையை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். நடக்கச் சொல்லியிருப்பார்கள், உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருப்பார்கள். அதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கும் தோன்றியது.

மலத்தோடு இரத்தம் வந்தபோது, மூலம் என்று நானே தீர்மானித்தேன். மேசையில் உட்கார்ந்தே காலம் கழித்தவர்களுக்கு வருவதுதானே என்று விட்டுவிட்டேன். உடம்பு மெலிந்தது. தேவாலய வாசலில், "அழகா மெலிஞ்சிட்டீங்க சிஸ்டர், என்ன டயட்டு?" என்று கேட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்கள். பக்கத்திலிருந்த நிணநீர்க் கணுக்களிலும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) புற்று எட்டிப் பார்த்திருந்தது. ஆகவே கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து; எனக்கு நரம்பில் ஏற்றினார்கள், மாத்திரையாகவும் உண்டு) தேவைப்பட்டது.

அந்த மருந்து ஏறிய நாட்களில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்தது. குளிர்பெட்டியிலிருந்து பால் எடுக்கக் கையுறை போட்டுக்கொண்டேன். கீமோ முடிந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. பாதங்கள் மரத்துப்போனது மட்டும் தங்கிவிட்டது. நியூரோபதி (கை கால்களின் நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைவது) என்றார்கள். காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது சோர்வு. வேலை செய்து களைப்பது வேறு. இது தூங்கி எழுந்தாலும் போகாது. குளித்துவிட்டு வந்தால் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து, உடுத்துவதற்கான தெம்பு வரும்வரை காத்திருப்பேன். செய்தித்தாளை விரித்தால் ஒரு பத்தியை முடிக்கும்போது அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும்.

சோர்வுக்கு மருந்து கேட்டேன். என் புற்றுநோய் மருத்துவர் நடுவயது மலாய்ப் பெண்மணி. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான்; அம்மா என்பதற்கு அவர் 'புவான்' என்பார். "நடங்கள், புவான். மெதுவாகத் தொடங்குங்கள். கொஞ்சம் தசைப் பயிற்சியும் செய்யுங்கள்" என்றார்.

எழுந்து நிற்கவே முடியாதவளை நடக்கச் சொல்கிறாரே என்று எரிச்சல் வந்தது. கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் கொடுக்கும் ஆலோசனை என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணமும் இருந்தது. ஞாயிறு பதிப்பின் உடல்நலப் பக்கத்தை நான் பல வருடம் தயாரித்திருக்கிறேன். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் விலகிப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், 'நடைப்பயிற்சியின் நன்மைகள்' என்று எதையாவது எடுத்து அடைப்போம். அதை மறுத்து யாரும் எழுதியதில்லை. படித்துவிட்டு யாரும் நடந்ததாகவும் தெரியவில்லை.

"நடந்தால் புற்று திரும்பி வராதா?" என்று மருத்துவரைக் கேட்டேன். சிக்க வைக்கும் கேள்விதான்.

"உங்களுக்கு அப்படி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது" என்றார் அவர். "சோர்வு குறையும், தூக்கம் சீராகும், இழந்த தசை திரும்பும், மனம் கொஞ்சம் தேறும். இவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பெருங்குடல் புற்று திரும்பி வருவதைக் குறைப்பது பற்றியும் நம்பிக்கை தரும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, புவான். உங்கள் ஒருவருக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது."

விற்கிறவர் எவரும் இப்படிப் பேசுவதில்லை என்பதை மனத்தில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் நடக்கவில்லை.

கூலாயில் ஒரு குடியிருப்பில் நான் தனியாக இருக்கிறேன். கணவர் ஆரோக்கியம் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் ஷீலா ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறாள். தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள்.

கீமோ முடிந்து சில வாரங்களில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கையை ஊன்றினேன், உடம்பு மேலே வரவில்லை. ஈரத் தரையில் கிடந்தபடி கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணிக்குக் குரல் கேட்டு, அவர் ஷீலாவை அழைத்தார்.

அன்று மாலை அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"போதும்மா. என்கூட வந்துடுங்க. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

"உன் வீட்டுல பகல்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ஆனா லிஃப்ட் இருக்கு, கீழ கார்டு இருக்காரு. ஒரு கேமரா வெச்சிட்டா ஆபீஸ்லேர்ந்து நான் உங்களப் பாத்துக்குவேன்."

"அதுக்குப் பேரு ஜெயிலு."

"எல்லாத்துக்கும் ஒரு ஹெட்லைன் போடாதீங்க லா, அம்மா."

வெகுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அடுத்த பரிசோதனை வரை பொறுப்பாள். அதற்குள் நான் தனியாகச் சமாளிக்க முடியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போக வேண்டும், மறுபேச்சு கூடாது. ஆரோக்கியமும் நானும் வாங்கிய வீடு அது. அதிலிருந்து என்னைப் புற்றுநோய் வெளியேற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாரமே எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டு ஒருவர் என் வீட்டைப் படம் எடுத்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஷீலாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

புற்றுநோய்ப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் பார்த்த ஒரு தாள் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. சிகிச்சை முடிந்தவர்கள் கூலாயில் ஒரு பூங்காவில் வாரத்தில் சில காலைகள் கூடி உடற்பயிற்சி செய்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரவும். கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்றதும் எனக்குள் பழைய நிருபர் விழித்துக்கொண்டார். பூங்காவில் உடற்பயிற்சி, முடிந்ததும் தேநீர், பிறகு 'ஒரு சின்னப் பகிர்வு', அதன் பிறகு ஒரு பெட்டி திறக்கப்படும். இந்த வரிசையை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். காந்த மெத்தை, அதிசயத் தண்ணீர், கடல்பாசி மாத்திரை. அதையே புற்றுநோயாளிகளைக் கூட்டிவைத்துச் செய்கிறார்கள் என்றால் அது முதல் பக்கத்துக்குரியது.

மருத்துவரிடம் அனுமதி கேட்டேன். சமதரையில் நடக்கச் சொல்லி, விழுந்துவிடாமல் கவனமாக இருக்கச் சொல்லி, அவர் மகிழ்ச்சியோடு அனுப்பினார். நான் குணமடையப் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்.

அங்கே தலைவர்போல் இருந்தவர் குணசீலன். என் வயதுதான் இருக்கும். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்தவர். மூக்கின் பின்பகுதியில் வந்த புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர். எல்லோரும் குணா அண்ணன் என்றார்கள். அவர் கையில் எந்நேரமும் ஒரு புட்டி. அதில் பெயர்த்தாள் எதுவும் ஒட்டப்படவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு மடக்கு அதிலிருந்து குடிப்பார்.

இதுதான் சரக்கு என்று பார்த்ததும் முடிவு செய்தேன்.

அவருக்கு அடுத்து பரமேஸ்வரி. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர், என்னைவிட இளையவர், பண்டார் தெங்காராவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர். வாய் ஓயாது. வந்தவுடனே என்னிடம், "தனியாவாக்கா இருக்கீங்க? புள்ளைங்க எங்க?" என்று கேட்டார். விற்பவர்களின் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

அன்று பாதையின் முதல் வளைவு வரை நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய பேச்செல்லாம் நடையில்தான் நடந்தது. மரங்களுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வெளியே வரும்போது எதையோ பேசி முடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். விற்பனை அங்கேதான் நடக்கிறது என்று எனக்குப் பட்டது. பெஞ்சிலிருந்து அது காதில் விழாது.

கேட்க வேண்டுமென்றால் கூடவே போக வேண்டும். அடுத்த முறை இரண்டாவது வளைவைத் தாண்டினேன். அதற்கடுத்த வாரம் மரங்களை எட்டினேன். அங்கே பரமேஸ்வரி சாம்பல் பூசணிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக நடந்தால்தான் தொடக்கத்திலிருந்து கேட்கலாம்.

குணா அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார். "பேச முடியணும், பாட முடியக்கூடாது. பாட முடிஞ்சா கொஞ்சம் வேகமா போங்க. பேச முடியலன்னா கொஞ்சம் மெதுவா போங்க. பரமேஸு மட்டும் எந்த வேகத்துலயும் பாடக்கூடாது."

"ஏண்ணே, என் குரலுக்கு என்ன?"

"அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க."

நான் செருப்போடு வந்ததைப் பார்த்து அவர் ஒருநாள் நின்றார்.

"செலிப்பார் வேணாம்க்கா. பாதம் மரத்திருக்கில்ல? கல்லு குத்துனாகூடத் தெரியாது. மூடுன ஷூ போடுங்க. வீட்டுக்குப் போனதும் ஏதும் காயம் இருக்கான்னு பாதத்தப் பாருங்க."

"எந்தக் கடையில வாங்கணும்?" என்று, குரலில் எதையும் காட்டாமல் கேட்டேன்.

"எந்தக் கடையா இருந்தா என்ன? போட்டுப் பாத்து வாங்குங்க."

கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்து முடித்ததும் பெஞ்சில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி. பிறகு இரப்பர் பட்டையை இரு கைகளாலும் இழுக்கும் பயிற்சி. முடியாதவர்கள் உட்கார்ந்துவிடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதன் பிறகு பால் இல்லாத தேநீர், சிலருக்கு ரொட்டி. இதோ இப்போது திறப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். குடித்துவிட்டுக் கலைந்துபோனார்கள்.

ஒரு காலையில் பொறுமை இழந்து நேராகவே கேட்டேன். "அண்ணே, அந்தப் புட்டியில என்ன?"

"தண்ணி."

"சும்மா தண்ணியா?"

"பைப்புத் தண்ணி. கொதிக்க வெச்சது. லைட்டு வெச்சதுல எச்சி ஊறுறது நின்னுபோச்சுக்கா. குடிக்கலன்னா நாக்கு மேல ஒட்டிக்கும்." கதிர்வீச்சு அவருடைய உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பாதித்திருந்தது. புட்டியை என்னிடம் நீட்டினார். "வேணும்னா மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். தண்ணீர்தான்.

இதற்குள் சில மாற்றங்களைக் கவனித்திருந்தேன். குளித்துவிட்டு வந்து, உட்காராமலேயே உடுத்தியிருந்தேன். தலையங்கத்தைக் கடைசி வரி வரை படித்து, அதில் ஒரு பிழையும் கண்டுபிடித்தேன். இரவில் விழிக்காமல் தூங்கினேன். இதை நடையின் வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. கீமோ முடிந்து மாதங்கள் போகப்போக உடம்பு தானாகவும் தேறும். எவ்வளவு காலத்தின் வேலை, எவ்வளவு காலின் வேலை என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. நடக்காமல் இருந்த வாரங்களில் எதுவும் மாறவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பரிசோதனைக்குக் கொஞ்ச நாட்களே இருந்தபோது வலி வந்தது.

வலது விலாவுக்குக் கீழே. திரும்பிப் படுத்தால் குத்தியது, மூச்சை இழுத்தால் குத்தியது. பெருங்குடலில் தொடங்கிய புற்று பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் முதலில் போகும் என்று படித்திருந்தேன். கல்லீரல் எந்தப் பக்கம் என்பதும் தெரியும்.

தேவாலயத்திலிருந்து கஞ்சி கொண்டுவந்த ஒரு சகோதரி, நான் பூங்காவுக்குப் போவதைக் கேள்விப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கத்தி பட்ட உடம்ப ஆட்டக் கூடாது சிஸ்டர். ஆட்டுனா பரவிடும்." இது தவறு என்று எனக்குத் தெரியும். மருத்துவரிடமே கேட்டுத் தெளிந்த விஷயம். ஆனால் வலி இருக்கும்போது தெரிந்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை. நானே இழுத்துவிட்டுக்கொண்டேன் என்று தோன்றியது. பட்டையை இழுத்தபோது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்டேன்.

பூங்காவுக்குப் போவதை நிறுத்தினேன். ஷீலாவிடம் சொல்லவில்லை. வலி என்று சொன்னால் வீடு போய்விடும். தொலைபேசியில் அவளிடம் மூச்சை அடக்கிப் பேசினேன்.

ஒரு வாரம் கழித்து வாசற்கதவுக்கு வெளியே குரல் கேட்டது. கம்பி இடைவெளியில் பார்த்தேன். குணா அண்ணனும் பரமேஸ்வரியும். பரமேஸ்வரியின் கையில் ஒரு கனத்த பை.

வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருவதுதான் அந்தத் தொழிலின் கடைசிப் படி. தனியாக இருப்பவள், ஒரு வாரமாக வெளியே வராதவள். பயந்துபோன ஆளிடம் எதையும் விற்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் உண்மையிலேயே ஒரு தூளை நீட்டியிருந்தால் நான் வாங்கியிருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். கதவைத் திறந்தேன்.

பையில் ரம்புத்தான் பழம். அவர்கள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பழத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அடிவரைக்கும் பழம்தான்.

குணா அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பேசியது பரமேஸ்வரி.

"நேரா கேக்குறேன்க்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்தக் கம்பெனி?"

"என்ன கம்பெனி?"

"அதான்... எத விக்கிறீங்க? வந்த நாள்லேர்ந்து ஒவ்வொருத்தரையா புடிச்சு எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, வேற என்ன சாப்புடுறீங்க, யாரு சொல்லி இங்க வந்தீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அண்ணன் தண்ணியக்கூட மோந்து பாத்தீங்க. எப்போ பெட்டியத் தொறப்பீங்கன்னு நாங்க பயந்துக்கிட்டே இருந்தோம்."

பழப் பையை மேசையில் வைத்தேன்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா" என்றார் குணா அண்ணன். "முன்ன எங்ககூட ஒரு தம்பி நடந்தாரு. அப்போ ஒரு அம்மா வந்து சேர்ந்தாங்க. நல்லா பேசுனாங்க, எல்லார் பேரையும் ஞாபகம் வெச்சிருந்தாங்க. அவங்க குடுத்த தண்ணிய நம்பி இந்தத் தம்பி கீமோ மாத்திரைய நிறுத்திட்டாரு. அடுத்த வருசம் அவரு காரியத்துக்குத்தான் நாங்க எல்லாரும் போனோம். அதுலேர்ந்து புதுசா யாரு வந்தாலும் எங்களுக்கு ஒரு கண்ணு."

"ஒரு வாரமா உங்களக் காணோம். ஆள் கெடைக்கலன்னு வேற பார்க்குக்குப் போயிட்டாங்கன்னு பேசிக்கிட்டோம்" என்றார் பரமேஸ்வரி. "அப்புறம் எனக்கே தோணுச்சு. விக்க வந்தவங்க இவ்ளோ வேர்வ சிந்த மாட்டாங்களேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பத்திரிகைக்காரி, உங்களைப் பிடிக்கத்தான் வந்தேன் என்று சொன்னதும் அவர்களுக்கும் வந்துவிட்டது. பெரிதாகச் சிரித்ததில் விலாவில் குத்தியது. கையை வைத்து அழுத்திக்கொண்டேன். பரமேஸ்வரி அதைப் பார்த்துவிட்டார்.

"அதுக்குத்தான் வரலியா?"

சொன்னேன். முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

குணா அண்ணன் அந்த இடத்தைப் பார்க்கவோ காரணம் சொல்லவோ முயலவில்லை. "தசையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாதுக்கா. இங்க உக்காந்துக்கிட்டு யாருக்கும் தெரியாது. டாக்டரப் பாருங்க. மகளுக்குச் சொல்லுங்க."

"சொன்னா இந்த வீடு போயிடும்ணே."

"சொல்லாம இருந்து, நிஜமாவே திரும்பி வந்திருந்தா?" என்றார் பரமேஸ்வரி. அவர் குரலில் விளையாட்டு இல்லை.

அன்று மாலையே ஷீலாவை அழைத்தேன். பேருந்தில் இருந்தாள். வலியைச் சொன்னேன்.

"எத்தன நாளா?"

"ஒரு வாரம் இருக்கும்."

"அலமாக்... ஏன்மா சொல்லல?"

"வீடு."

"வீடாம்மா இப்போ முக்கியம்?"

"எனக்கு ஆமா."

அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மருத்துவர் பரிசோதனையை முன்னால் இழுத்தார். இரத்தம் எடுத்தார்கள், சிடி ஸ்கேன் (உடலைக் குறுக்குவெட்டுத் துண்டுகளாகக் காட்டும் கதிர்ப்படம்) எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

முடிவைச் சொல்வதற்கு முன்பே மருத்துவரின் முகத்தை ஆராய்ந்தேன். எதையும் காட்டாத முகம்.

"இந்தப் படத்தில் கல்லீரலில் எதுவும் இல்லை. வேறு எங்கும் எதுவும் தெரியவில்லை" என்றார். பிறகு எழுந்து வந்து, "என்ன பயிற்சி செய்தீர்கள், காட்டுங்கள்" என்றார். இல்லாத பட்டையை இருப்பதுபோல் இழுத்துக் காட்டினேன். அவர் விலாவில் ஓர் இடத்தை விரலால் அழுத்தினார். அலறிவிட்டேன்.

"தசைதான், புவான். கீமோ காலம் முழுக்க வேலையில்லாமல் கிடந்த தசை. எடுத்த எடுப்பில் கடினமான பட்டையை இழுத்திருக்கிறீர்கள். வலி அடங்கட்டும். பிறகு இலேசான பட்டையில் தொடங்குங்கள். நிறுத்திவிடாதீர்கள்." அதோடு விடவில்லை. ஓய்வெடுத்தும் குறையாத வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது என்றார். "சந்தேகப்படுவது தவறில்லை. சந்தேகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் தவறு."

அறையிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு நீண்ட நடைபாதையும் அதன் முடிவில் ஒரு சரிவுப் பாதை ஏற்றமும் உண்டு. மூடிய காலணியில், கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சரிவின் மேலே போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, பெலான் பெலான் லா, மெதுவா! ரேஸா ஓடுறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஷீலா பாதிச் சரிவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். விடியலில் பேருந்து, பகலெல்லாம் நாற்காலி, இரவில் மறுபடி பேருந்து என்று இருப்பவள். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். ஸ்கேன் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம்.

காரில் ஏறியும் அவள் இயந்திரத்தை முடுக்கவில்லை.

"வீட்ட போட்டோ எடுக்க ஏஜென்ட்ட அனுப்புனது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா? ஏன் கேக்கல?"

"ஊர்ஜிதமாகாத செய்தி. வெளியிடல."

அவள் சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா ஒன்னு. இனிமே எங்க வலிச்சாலும் அன்னிக்கே எனக்கு போன் வரணும். மறச்சீங்கன்னா நான் கேமராவோட வருவேன்."

"சரி."

ஆகவே வீடு என்னிடம் இருக்கிறது. அடுத்த பரிசோதனை வரை இருக்கிறது என்பதே சரியான வாக்கியம். பூங்காவுக்கும் போகிறேன். நடப்பதால் புற்று திரும்பாது என்று இந்தக் கட்டுரையில் எங்கும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். என்னோடு நடந்தவர்களில் ஒருவருக்குத் திரும்பியிருக்கிறது. அவர் மறுபடி சிகிச்சையில் இருக்கிறார், முடிந்த நாட்களில் வந்து பெஞ்சு வரை நடக்கிறார். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், உங்களுக்கு எது கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். யாராவது உத்தரவாதம் தந்தால் அவர் பையைப் பாருங்கள்.

உடம்பை முன்புபோல் நான் நம்புவதில்லை. அது என்னிடம் ஒருமுறை பெரிதாக எதையோ மறைத்திருக்கிறது. இப்போது இரு தரப்பையும் விசாரிக்கிறேன். வலி சொல்வதையும் கேட்கிறேன், பயம் சொல்வதையும் கேட்கிறேன். பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்கிறேன்.

நோய் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் எல்லா வலியும் வரப்போவதைப் பற்றியே பேசியது. அடுத்த ஊசி, அடுத்த படம், அடுத்த முடிவு. காலம் என்றால் முன்னால் இருப்பது மட்டும்தான் என்று ஆகியிருந்தது.

இன்று காலை கட்டிலிலிருந்து எழுந்தபோது இரண்டு தொடைகளும் வலித்தன. வழக்கம்போல் பயம்தான் முதலில் வந்தது. அது உட்கார இடம் தேடுவதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நேற்று பரமேஸ்வரியோடு போட்டி போட்டுக்கொண்டு பெஞ்சில் கூடுதலாக உட்கார்ந்து எழுந்திருந்தேன். தோற்றும் போனேன்.

நேற்றைய வலி. தொடைகளைப் பிடித்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மறுபடியும் நேற்று என்று ஒன்று இருக்கிறது.